4,71,018 கார்களிலிருந்து 68,589 வரை: மாஸ்டா ஆர்எக்ஸ்-7 குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய பதிவு

மூன்று எண்களை முதலில் பார்த்துவிடுவோம். ஆர்எக்ஸ்-7 என்பது ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் ரோட்டரி என்ஜின் வைத்துச் செய்த விளையாட்டுக் கார். 1978-இல் வந்த அதன் முதல் தலைமுறை மொத்தம் 4,71,018 கார்கள் தயாரானது. 1985-இல் வந்த இரண்டாவது 2,72,027. 1991 கடைசியில் வந்து 2002 வரை பத்து வருஷத்துக்கும் மேலாகத் தயாரிப்பில் இருந்த மூன்றாவது வெறும் 68,589. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான், ஆனால் இங்கே தேய்ந்தது விற்பனை மட்டும், கார் ஒவ்வொரு தடவையும் முந்தையதைவிட நல்ல காராகத்தான் வந்தது. மூன்றாவதை இன்றைக்கும் ஜப்பானில் உருவான மிக அழகான கூபேக்களில் (மூடிய கூரை, இரண்டு கதவு வைத்த கார்களில்) ஒன்று என்று சொல்பவர்கள் ஏராளம், நானும் அந்தக் கட்சிதான்.

நல்ல பொறியாளர்கள், நியாயமான காரணங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் சரியாகவே தோன்றும் முடிவுகள், கடைசியில் வாங்க ஆளில்லாத கார். இது எப்படி நடந்தது என்பதைத்தான் வரிசையாக எழுதப் பார்க்கிறேன். சம்பந்தப்பட்ட பொறியாளர்கள், நிர்வாகிகள் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பெயர் போட்டால் பேச்சு யார் ஹீரோ, யார் வில்லன் என்று போய்விடுகிறது.

பின்னணி: 1961 முதல் 1977 வரை

மாஸ்டா அப்போது டோயோ கோக்யோ என்ற பெயரில் ஹிரோஷிமாவில் இயங்கிய நடுத்தர நிறுவனம். ஜப்பான் அரசின் தொழில்துறை அமைச்சகம் சின்ன கார் நிறுவனங்களை எல்லாம் பெரியவற்றோடு இணைத்துவிடும் யோசனையில் இருந்த காலம் அது. தனக்கென்று தனியாக ஒரு தொழில்நுட்பம் இல்லாவிட்டால் விழுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் 1961-இல் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்திடம் ரோட்டரி என்ஜினுக்கான உரிமத்தை வாங்கினார்கள். 1963-இல் அதற்காகவே ஒரு ஆராய்ச்சிப் பிரிவு அமைத்து 47 பேரை அதில் போட்டார்கள்.

ரோட்டரியில் பிஸ்டன் கிடையாது. இடுப்பு லேசாக ஒடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் ஒன்று சுற்றுகிறது. முக்கோணத்தின் மூன்று முனையிலும் செருகிய சின்னச் சீல்கள் சுவரை உரசிக்கொண்டே போகும். முதல் என்ஜின்களைக் கொஞ்ச நாள் ஓடவிட்டுப் பிரித்துப் பார்த்தபோது கூட்டின் உள்சுவரில் கொத்திய அம்மி மாதிரி வரிவரியாகத் தழும்பு. சீல் ஒழுங்காகச் சறுக்கிக்கொண்டு போகாமல் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் துடித்துத் துடித்துச் சுவரைக் கொத்தியிருக்கிறது. "பிசாசின் நகக்கீறல்" என்று அவர்களே பெயர் வைத்தார்கள். சீலில் குறுக்குத் துளை போட்டு அதிர்வெண்ணை மாற்றினால் தழும்பு விழவில்லை என்று கண்டுபிடித்து, பிறகு அலுமினியம் ஏற்றிய கார்பன் சீலுக்குப் போய், 1967-இல் கோஸ்மோ ஸ்போர்ட் என்ற காரில் வெற்றிகரமாக விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

அத்தோடு நிற்காமல், கிடைத்த காரில் எல்லாம் ரோட்டரியைப் போட்டது தனிக் கதை. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பின் அளவீட்டில் மாஸ்டா ரோட்டரி கார்கள் நகரத்தில் ஒரு கேலனுக்கு 10 மைல் சொச்சம்தான் கொடுத்தன. அங்கே விற்பனை சரிந்து விழுந்தது. கம்பெனியை ஒரு பெரிய வங்கி கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது, தொழிற்சாலை ஊழியர்களையே டீலர்களிடம் கார் விற்க அனுப்பினார்கள். இன்னொரு பக்கம் ரோட்டரியின் எரிபொருள் செலவை 40 சதவீதம் குறைப்போம் என்று இலக்கு வைத்து, அதற்குப் ஃபீனிக்ஸ் என்று பெயரும் வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். இந்த என்ஜினை எந்த மாதிரிக் காரில் வைத்தால் அதன் குறை மன்னிக்கப்படும்? குடும்பக் காரில் மன்னிக்க மாட்டார்கள், வாரக் கடைசியில் சந்தோஷத்துக்கு ஓட்டும் காரில் மன்னிப்பார்கள். 1978-இல் வந்த காரைப் பார்த்தால் விடையைப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

முதல் தலைமுறை (1978): கொஞ்சத்தில் நிறைய

1978 மார்ச்சில் சவான்னா ஆர்எக்ஸ்-7 வந்தது. எடை ஏறக்குறைய ஒரு டன். இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றும் 573 சிசி, ஜப்பானில் 130 குதிரைத்திறன், அமெரிக்காவில் 100. இந்த எண்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. விஷயம் என்ஜின் உட்கார்ந்த இடத்தில் இருக்கிறது. ரோட்டரி அவ்வளவு சின்னது, அதனால் முழு என்ஜினையும் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்க முடிந்தது. அதனால் மூக்கைத் தாழ்வாக வரையலாம், ஹெட்லைட்டை உள்ளே மடித்து வைக்கலாம், எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாக விழும்.

வரிக் கணக்கும் இதில் உண்டு. ஜப்பானில் ரோட்டரியின் கொள்ளளவை ஒன்றரையால் பெருக்கித்தான் வரி வகை பார்ப்பார்கள். 1,146 சிசியை ஒன்றரையால் பெருக்கினால் 1,719, அதாவது 2,000-க்குக் கீழே. பின்னால் வந்த 1,308 சிசி என்ஜினும் 1,962 என்று கோட்டுக்கு உள்ளேயே நின்றது தற்செயல் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடத்தில் தயங்காமல் மிச்சம் பிடித்தார்கள். பின்னால் சாதாரண ஒற்றை அச்சு, அதை வாட்ஸ் இணைப்பால் நேராகப் பிடித்து வைத்தார்கள். ஸ்டியரிங் பழைய பாணி. அடிப்படை மாடலில் பின் சக்கரத்துக்கு டிரம் பிரேக். அமெரிக்காவில் விலை 7,000 டாலருக்குள். டீலர்கள் ஒட்டிய விலைக்கு மேலேயே வசூலித்தார்கள், அப்படியும் காத்திருந்து வாங்கினார்கள்.

வாங்கியவர்கள் குறையே சொல்லவில்லை என்று இல்லை. பெட்ரோல் இன்னமும் அதிகம், ஸ்டியரிங் மந்தம், பின்பக்கம் துள்ளுகிறது, இன்னும் கொஞ்சம் சக்தி இருந்தால் நன்றாக இருக்கும். இந்தப் பட்டியல்தான் அடுத்த பத்து வருஷத்தை நடத்தியது.

இரண்டாவது (1985): கேட்டதையெல்லாம் கொடுத்த கார்

விற்பனையில் பெரும்பங்கு அமெரிக்காவில் என்பதால் வடிவமைப்புக் குழு அங்கே போய் வாங்குபவர்களிடமே கேட்டது. அவர்கள் சொன்னதெல்லாம் போர்ஷே 944 பக்கமாகக் கைகாட்டின. 1985 அக்டோபரில் வந்த காரைப் பக்கவாட்டில் பார்த்தாலே இது தெரியும், அப்போதே எல்லோரும் சொன்னதுதான்.

குறைப்பட்டியலில் இருந்த ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் வந்தது. பின் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், அதுவும் வளைவின் வேகத்துக்கு ஏற்பச் சக்கரத்தின் கோணம் தானாகக் கொஞ்சம் மாறும் புஷ்ஷோடு. டர்போ வந்தது, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி, அந்தக் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலரும் உண்டு, ஜப்பானில் 185 குதிரைத்திறன், 1989-இல் 205. பிறகு திறந்த கூரை மாடலும்.

முக்கியமான ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். டர்போ இல்லாத மாடலும் அமெரிக்காவில் கூடவே விற்றது, விலை குறைவு, தலைவலியும் குறைவு. ஏணியின் கீழ்ப்படி இன்னும் இருந்தது.

இடையில் நடந்தவை: யென்னும், வீட்டுக்குள்ளேயே பிறந்த போட்டியும்

இரண்டாவது கார் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1985 செப்டம்பரில், நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடி டாலரின் மதிப்பைக் குறைப்பதாக ஒப்புக்கொண்டார்கள். அப்போது ஒரு டாலருக்கு சுமார் 240 யென். இரண்டே வருஷத்தில் அது 150-க்கும் கீழே இறங்கிவிட்டது. ஹிரோஷிமாவில் செய்து அமெரிக்காவில் விற்கும் எந்தக் காருக்கும் இது விழுந்த அடி. அதே யென் கிடைக்க வேண்டுமென்றால் டாலர் விலையை ஏற்றியே ஆக வேண்டும். மலிவான விளையாட்டுக் கார் என்ற இடத்தில் நிற்க ரோட்டரி கூபேயால் இனி முடியாது என்று கணக்குப் பார்த்தவர்கள் முடிவுக்கு வந்தது இதனால்தான், அதில் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் அதே நிறுவனம் 1989-இல் எம்எக்ஸ்-5 என்ற சின்னத் திறந்த காரை, சாதாரண பிஸ்டன் என்ஜினோடு, கொள்ளை விலைக்கு அல்லாமல் நியாயமான விலைக்குக் கொண்டுவந்தது. எடை ஒரு டன்னுக்குள். கொஞ்சத்தில் நிறைய சந்தோஷம். 1978-இன் ஆர்எக்ஸ்-7 எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததோ அதில் இப்போது தம்பி உட்கார்ந்துவிட்டான், அண்ணன் மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது (1991): எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஜப்பானில் பொருளாதாரக் குமிழி ஊதிக்கொண்டிருந்தபோது வேலை தொடங்கியது. நிசான் 300இசட்எக்ஸ், ஹோண்டா என்எஸ்எக்ஸ் என்று போட்டியாளர்கள் சக்தியிலும் சாமானிலும் ஏறிக்கொண்டே போனார்கள். மாஸ்டாவிடமே மூன்று ரோட்டர் என்ஜின் இருந்தது, 1990-இல் யூனோஸ் கோஸ்மோவில் வந்தது. அதைத் தூக்கி இதில் போடலாமே என்பது இயல்பாக வரும் யோசனை.

அதைச் செய்யவில்லை. இந்த முழு வரலாற்றிலும் நான் மிகவும் மதிக்கும் முடிவு இதுதான். ஒரு குதிரைத்திறனுக்கு ஐந்து கிலோவுக்கும் குறைவான எடை என்று இலக்கு வைத்தார்கள். 255 குதிரைத்திறன் என்றால் கார் 1,275 கிலோவைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, இதில் எத்தனை கிராம் குறைக்கலாம் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வேலை பார்த்தார்கள். வந்த கார் 1,250 – 1,260 கிலோ. அன்றைய போட்டியாளர்களில் பலர் 1,500-ஐத் தாண்டி நின்றபோது இது சாதாரண விஷயம் இல்லை.

இரண்டே ரோட்டர் என்று முடிவெடுத்தபின் 255 எங்கிருந்து வரும்? இரட்டை டர்போவிலிருந்து. குறைந்த சுற்றில் ஒரு டர்போ மட்டும் வேலை செய்யும், நிமிடத்துக்கு சுமார் 4,500 சுற்றில் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். டர்போ இல்லாத மாடல் கிடையவே கிடையாது. இரண்டாவது காரில் இருந்த கீழ்ப்படியை இங்கே எடுத்துவிட்டார்கள். அகலமும் 1,760 மில்லிமீட்டர், ஜப்பானில் சின்னக் கார் வகைக்கான 1,700 கோட்டைத் தாண்டியாயிற்று. ஆனால் 1989 வரிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அகலத்துக்காகப் பெரிதாக வரி கட்ட வேண்டியதில்லை, அதனால் அந்தத் துணிச்சல் நியாயமானதே.

1991 ஜூனில் மாஸ்டாவின் நான்கு ரோட்டர் பந்தயக் கார் 787பி, பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதலாவதாக வந்தது. அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம் மாஸ்டா. அதே டிசம்பரில் புது ஆர்எக்ஸ்-7 கடைக்கு வந்தது, அன்ஃபினி என்ற புது விற்பனைப் பெயரில். விளம்பரத்துக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பானெட்டைத் திறந்தால்

காருக்கு ஆண்டுகள் ஏறியபின் தெரியவந்தவை இவை. ரோட்டரியின் எரியறை நீளமாக, தட்டையாக இருப்பதால் எரிபொருளின் ஒரு பகுதி சரியாக எரியாமலே வெளியேறும், புகைக்குழாய் வெப்பம் சாதாரண என்ஜினைவிட அதிகம். அந்தச் சூட்டை நேரடியாக வாங்குவது பக்கத்தில் அடைத்து வைத்த இரண்டு டர்போ. எல்லாம் தாழ்வான, அழகான, காற்றுக்கு வழியே இல்லாத பானெட்டுக்கு அடியில்.

இரண்டாவது டர்போ சரியான நேரத்தில் வந்து சேர்ந்துகொள்ள வேண்டுமென்றால் வால்வுகளைத் திறந்து மூட வேண்டும். அதைச் செய்வது வேக்குவம் குழாய்கள். பேனா ரீஃபிலைவிடக் கொஞ்சம் தடிமனான ரப்பர் குழாய்கள், டஜன் கணக்கில், என்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் எலிக்கூடு மாதிரி பின்னிக் கிடக்கும். அமெரிக்காவில் காரை வைத்திருந்தவர்களே அதற்கு எலிக்கூடு என்றுதான் பெயர் வைத்தார்கள். சூட்டில் ரப்பர் இறுகி, விரலால் அழுத்தினால் நெளியாமல் வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். ஒரே ஒரு குழாய் கழன்றால் போதும், 4,500 சுற்றில் கார் பாய வேண்டிய இடத்தில் மூச்சு வாங்கும். எந்தக் குழாய் என்று தேட மேனிஃபோல்டையே கழற்ற வேண்டும்.

இன்னொன்று, கூலண்டில் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தில்) உள்ள காற்றைப் பிரிக்கும் ஒரு சின்னக் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. உள்ளங்கையில் அடங்கிவிடும். வருஷங்கள் போனால் அதன் தையல் பிளந்துவிடும், கூலண்ட் சத்தமில்லாமல் போய்விடும். பிஸ்டன் என்ஜின் ஒருதடவை சூடேறினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ரோட்டரியில் கூடுகளுக்கு நடுவே இருக்கும் ரப்பர் வளையங்கள் ஒரே சூட்டில் போய்விடலாம், அப்புறம் முழு என்ஜினையும் பிரிக்க வேண்டியதுதான். சில நூறு ரூபாய் பெறாத பிளாஸ்டிக்குக்கு ஒரு என்ஜின் பலி. விஷயம் தெரிந்தவர்கள் வாங்கியவுடன் முதல் வேலையாக அந்தத் தொட்டியை அலுமினியத்துக்கு மாற்றினார்கள்.

என்ன நடந்தது

அமெரிக்காவில் 1993 மாடலாக வந்தபோது விலை 32,000 டாலர் பக்கம். அதற்கு மேல் இரண்டாயிரம் சொச்சம் போட்டால் 34,595 டாலருக்கு அமெரிக்க விளையாட்டுக் காரான வி8 என்ஜின் கார்வெட் கிடைக்கும், அதை எந்த ஊர் மெக்கானிக்கும் பார்ப்பார். விளையாட்டுக் கார்களுக்கு இன்சூரன்ஸும் அப்போது எக்கச்சக்கம். 1995 ஏப்ரலில் ஒரு டாலர் 80 யென்னுக்கும் கீழே போனது. 1996-இலிருந்து எல்லாக் கார்களிலும் புதிய தானியங்கிக் குறைகண்டறியும் அமைப்பு கட்டாயம் என்று அமெரிக்கச் சட்டம், இவ்வளவு குறைவாக விற்கும் காருக்காக அந்த வேலையைச் செய்ய எந்த நிர்வாகமும் யோசிக்கும். மூன்று மாடல் வருஷங்களில் 14,000 கார்களைக்கூட எட்டாமல் 1995-ஓடு அமெரிக்காவில் முடிந்துபோனது. இங்கிலாந்திலும் ஏறக்குறைய அதே சமயத்தில் நிறுத்தினார்கள்.

ஜப்பானில் குமிழி உடைந்திருந்தது. ஐந்து தனித்தனி விற்பனைப் பெயர்களில் கடைவிரித்த மாஸ்டாவின் திட்டம் அதனோடே சரிந்தது, அன்ஃபினி என்ற பெயர் போய் 1997-இல் மறுபடி மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஆனது. அதற்கு முந்தைய வருஷம் ஃபோர்டு தன் பங்கை 33.4 சதவீதமாக உயர்த்தி, ஜப்பானியக் கார் நிறுவனம் ஒன்றுக்கு முதல்முறையாக வெளிநாட்டுத் தலைவர் ஒருவரையும் உட்கார வைத்தது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு சின்னக் குழு அந்தக் காரை விட்டுவிடவில்லை. 1996-இல் கணினியை மாற்றிக் குழாய்களைக் கொஞ்சம் எளிமையாக்கி 265 குதிரைத்திறன். 1999-இல் முன்பக்கக் காற்றுத் திறப்புகளைப் பெரிதாக்கிக் குளிர்விப்பைச் சரிசெய்து 280. அதாவது 1992-இல் வாங்கியவர் காசு கொடுத்துச் சோதித்த காரின் சரியான வடிவம் 1999-இல் வந்தது, ஜப்பானில் இருப்பவர்களுக்கு மட்டும். 2002-இல் ஸ்பிரிட் ஆர் என்ற கடைசிப் பதிப்பாக 1,500 கார்கள். புதிய புகை விதிமுறை காரணமாக அந்த ஆகஸ்டில் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், சில்வியா, டோயோட்டா சுப்ரா ஆகியவற்றோடு சேர்ந்து இதுவும் நின்றது.

மறுபடி செய்வதென்றால்

யென்னை யாரும் தடுத்திருக்க முடியாது, அதை விட்டுவிடலாம். இரண்டு ரோட்டரோடு நின்றதையும், எடையோடு மல்லுக்கட்டியதையும் நான் மாற்ற மாட்டேன்.

மாற்றுவது முதலில் அந்தக் கீழ்ப்படியை. டர்போ இல்லாத ஒரு மாடல், 160 – 170 குதிரைத்திறன், இன்னும் ஐம்பது கிலோ குறைவு. குழாய்க் காடும் கிடையாது, பானெட்டுக்கு அடியில் பாதிச் சூடும் கிடையாது. தம்பி எம்எக்ஸ்-5 இருக்கிறானே என்பார்கள். அவன் திறந்த கார், கூரை போட்ட கூபே வேண்டும் என்று அலைந்த பழைய ஆர்எக்ஸ்-7 வாடிக்கையாளருக்கு மாஸ்டா கடையில் 1992-க்குப் பிறகு ரோட்டரியில் எட்டும் விலையில் வேறு எதுவும் இல்லை.

அடுத்து, எடைக் குறைப்புப் பட்டியலிலிருந்து குளிர்விப்புக்கு விலக்கு. ரோட்டரியின் பலவீனம் சூடு என்பது 1970-களிலேயே தெரியும், முதல் தலைமுறையின் அமெரிக்க மாடலில் எரியாத எரிபொருளைப் புகைக்குழாயிலேயே எரித்துத் தள்ளும் சூட்டுப் பெட்டி ஒன்றை வைத்து அவர்களே அவதிப்பட்டு 1981-இல் மாற்றியிருக்கிறார்கள். தெரிந்த இடத்தில் இரண்டு கிலோ கூடினால் கூடட்டும் என்று விட்டிருக்கலாம். 1999-இல் செய்ததில் எதுவும் 1991-இல் செய்ய முடியாதது இல்லை என்பது என் கணிப்பு.

இதற்கு ஒரு அரைகுறைச் சோதனையும் நடந்தது. 2003-இல் வந்த ஆர்எக்ஸ்-8-இல் டர்போவே இல்லை, புகை வெளியேறும் வாயைப் பக்கச் சுவருக்கு மாற்றினார்கள், நான்கு கதவு வைத்தார்கள். அமெரிக்காவில் 27,000 டாலருக்குள் தொடங்கியது, பத்து வருஷம் முந்தைய காரைவிடக் குறைவு. 2012 வரை 1,90,000-க்கு மேல் தயாரானது. அதற்கும் எண்ணெய் குடிக்கிறது, குளிரில் கிளம்ப மறுக்கிறது என்று தனிப் பட்டியல் உண்டு, அதைப் பார்த்துவிட்டு ஆர்எக்ஸ்-7-ஐத் தூக்கிக் கொண்டாடுபவர்கள் அதிகம். ஆனால் விற்றது.

25 வருஷம் கடந்த வெளிநாட்டுக் காரை அமெரிக்காவுக்குள் பெரும்பாலான விதிகளிலிருந்து விலக்குப் பெற்று இறக்குமதி செய்யலாம். 1999-இல் குளிர்விப்பைச் சரிசெய்த அந்த வலப்பக்க ஸ்டியரிங் கார்கள் இப்போது அந்த வயதைத் தொட்டுவிட்டதால் ஒவ்வொன்றாகக் கப்பலேறி அங்கே போய்க்கொண்டிருக்கின்றன.